முக்குழியில் இரண்டு இரவு

நம் புளியங்குடிக்காரர்களுக்கு மேற்கு என்றால் மலை. ஆனி, ஆடி மாதங்களில் அந்த மலைமேல் கருமேகம் வந்து உட்கார்ந்திருக்கும். மேலே மழை கொட்டுவது இங்கிருந்தே தெரியும். கீழே நமக்கு வருவதெல்லாம் காற்றும் புழுதியும்தான். செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் சாரல் இறங்கிவிடும். வடக்கே தள்ளியிருக்கும் நமக்கு அதில் பங்கு கம்மி. நம்முடைய மழை ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கேயிருந்து வந்தால்தான் உண்டு.

மலைக்கு அந்தப் பக்கம் அச்சன்கோவில் காடு. அதற்கும் வடமேற்கே பம்பை, சபரிமலை. மேப்பில் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டால் நம் ஊரிலிருந்து சபரிமலை ஏறக்குறைய 45 கிலோமீட்டர்தான். வண்டியில் போனால் செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர், பத்தனம்திட்டை என்று அரை நாள் சுற்ற வேண்டும்.

இத்தனை வருஷமும் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த மழைக்குள்ளே நான் நாலு நாள் நடந்தும் தங்கியும் இருந்தது 2017 நவம்பர் கடைசியில். ஒக்கி புயல் வந்த அதே நாட்கள். சபரிமலைப் பயணம் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது பெரிய பாதையைப் பற்றியும், அதில் முக்குழி என்கிற இடத்தில் மழைக்காகக் காத்துக் கிடந்ததைப் பற்றியும்தான்.

பெரிய பாதை என்பது எருமேலியில் தொடங்கிக் காட்டுக்குள்ளேயே பம்பை வரை போகிற பழைய வழி. 50 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும். பேரூர்த்தோடு, காளைகட்டி, அழுதா நதி, அழுதா மேடு, கல்லிடுங்குன்று, இஞ்சிப்பாறைக் கோட்டை, முக்குழி, கரிமலை, வலியானவட்டம், சிறியானவட்டம், பிறகு பம்பை. 1950-ல் கோயில் தீப்பற்றி எரிந்து, பி.டி. ராஜன் கொடுத்த ஐம்பொன் சிலை பிரதிஷ்டையான பிறகு, நவாப் ராஜமாணிக்கம் ஊர் ஊராக ஐயப்பன் நாடகம் போட்ட பிறகுதான் நம் பக்கத்தில் மாலை போடுகிறவர்கள் பெருகினார்கள். பம்பைக்குப் பக்கம் வரை வண்டி போக ஆரம்பித்ததும் பெரும்பாலோர் சின்னப் பாதைக்கு மாறிவிட்டார்கள். இரவு வேன் ஏறினால் விடிய பம்பை. மறுநாள் ராத்திரி வீடு. பெரிய பாதை இன்று மகரவிளக்குச் சமயத்தில்தான் கூட்டமாக இருக்கும். கார்த்திகையில் ஆள் கம்மி.

எங்கள் குருசாமிக்கு அப்போது 71 வயது. தறி நெய்து பிழைத்தவர். அது அவருக்கு முப்பத்தாறாவது மலை. அத்தனையும் பெரிய பாதை. ஒன்பது பேர் கொண்ட எங்கள் குழுவில் நான் உட்பட நாலு பேர் ஓய்வு பெற்றவர்கள், மூன்று பேர் கடை வைத்திருப்பவர்கள், இரண்டு பேர் இளவட்டங்கள். அவர்களில் ஒரு பையன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன். அவனுக்கு ஞாயிறு வரைதான் லீவு.

குருசாமியிடம் சட்டம் அதிகம். அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 18. மறுநாளே மாலை போட்டுவிட்டார். அப்போதுதான் நவம்பர் 28-ல் இருமுடி கட்டும்போது 41 நாள் கணக்கு நிறையும். காலில் செருப்பு கூடாது. பிளாஸ்டிக் பையில் சாமான் கட்டித் தோளில் தொங்கவிடக் கூடாது. தனியாக யாரும் முந்தி நடக்கக் கூடாது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை முன்னால் போகிறவர் சரணம் சொல்ல, கடைசியில் வருகிறவர் வரைக்கும் பதில் வரவேண்டும். இதெல்லாம் போக, பின்முடியில் ஆளுக்கு ஒரு கிலோ அரிசி.

இருமுடியைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முன்முடியில் நெய்த்தேங்காயும் பூஜைப் பொருளும் இருக்கும். பின்முடி நம் வழிச்சாப்பாட்டுக்கு. இப்போது வழியெல்லாம் கடை வந்துவிட்டதால் பின்முடியில் சாஸ்திரத்துக்கு ஒரு பிடி அரிசி போட்டுக் கட்டுவதே வழக்கமாகிவிட்டது. ஒரு கிலோ என்றதும் கடைக்கார சாமி ஒருத்தர், "அங்கதான் கஞ்சி கெடைக்குமே சாமி" என்றார். "கெடைச்சா நல்லதுதான். கெடைக்கலைன்னா?" என்று கேட்டுவிட்டு குருசாமி படியை எடுத்து அளக்க ஆரம்பித்துவிட்டார்.

நம் ஊர் எலுமிச்சைக் கமிஷன் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர், வருஷா வருஷம் எங்களுக்கு ஒரு சின்னப் பை நிறையப் பழம் கொடுப்பார். "வாவர் சாமியக் கேட்டதாச் சொல்லுங்க" என்பார். அந்தப் பையும் கூட வந்தது. அதற்கு என்ன வேலை வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

29-ஆம் தேதி புதன்கிழமை விடியற்காலை எருமேலி. பேட்டை துள்ளி, வாவர் பள்ளியை வலம் வந்து, நடக்கத் தொடங்கும்போது வானம் மூடித்தான் இருந்தது. முதல் சில கிலோமீட்டர் ரோடும் ரப்பர்த் தோட்டமும். அதன்பிறகு காடு. மத்தியானம் காளைகட்டியை நெருங்கும்போது தூறல் ஆரம்பித்தது. நம் ஊர் ஐப்பசி மழை மாதிரி இடி மின்னலோடு வந்து கொட்டிவிட்டுப் போகிற மழையல்ல அது. சத்தமில்லாமல் பிடித்து, விடாமல் பெய்தது.

அன்று ராத்திரி அழுதா நதிக்கரையில் விரியில் தங்கினோம். விரி என்றால் நாம் கொட்டகை என்போமே, அதுதான். மூங்கில் நட்டு, மேலே நீலத் தார்ப்பாய் இழுத்துக் கட்டி, தரையில் பாய் விரித்திருப்பார்கள். தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வார்கள். ஓரத்தில் ஒரு அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். கட்டன் சாயா, கஞ்சி, பயறு, சில நாள் மரவள்ளிக்கிழங்கு. ராத்திரி முழுக்கத் தார்ப்பாயில் மழை அடித்துக்கொண்டிருந்தது. நடுவில் எழுந்து பார்த்தேன். குருசாமி மட்டும் உட்கார்ந்து ஆற்றுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். "கூடிக்கிட்டே வருது" என்றார்.

அழுதா நதியில் முங்கி எழுந்து ஒரு கல் எடுத்துக்கொண்டு, மேலே கல்லிடுங்குன்றில் போடுவது வழக்கம். மகிஷி அழுத கண்ணீர் ஆறானது, அவளைப் புதைத்த இடத்தில் கல் போடுகிறோம் என்பது கதை. வியாழக்கிழமை காலையில் ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. குருசாமி யாரையும் இறங்க விடவில்லை. கரையிலேயே செம்பில் மொண்டு தலையில் ஊற்றி, ஓரத்திலிருந்து ஒன்பது கல்லைப் பொறுக்கிக் கையில் கொடுத்தார்.

அழுதா மேடு செங்குத்தான ஏற்றம். மழையில் செம்மண் சோப்பு மாதிரி வழுக்கும். செருப்புப் போட்டு வந்த வேறொரு குழுவினர் சறுக்கிச் சறுக்கி விழுந்தார்கள். வெறுங்காலில் கட்டைவிரலை ஊன்றி, மரவேரில் மிதித்து மிதித்து ஏறியபோதுதான் செருப்பு கூடாது என்பதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. இருமுடி தலையில் இருப்பதால் முதுகு நேராக இருக்கிறது. ஒரு கை முடியைப் பிடித்தால் இன்னொரு கை கம்புக்குக் கிடைக்கிறது. மேகம் இறங்கிவிட்டதால் முன்னால் போகிறவர் முதுகு பத்தடியில் மறைந்துவிடும். சரணம் விளித்தால் பதில் வரும். பதில் வந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். பக்திக்காக என்று நாற்பது வருஷமாக நான் நினைத்திருந்த பல விஷயங்கள், மழைக்காட்டில் நடந்து பழகியவர்கள் பட்டறிந்து வைத்துவிட்டுப் போன கட்டுப்பாடுகள். பக்தி என்று சொல்லி வைத்ததால்தான் இத்தனை தலைமுறை தாண்டி அவை நிலைத்தன என்றும் தோன்றியது.

அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நடந்து நின்ற இடமெல்லாம் அட்டை. கணுக்கால், விரலிடுக்கு, வேட்டி மடிப்பு எங்கும் ஏறிவிடும். அங்கேதான் புளியங்குடி எலுமிச்சைக்கு வேலை வந்தது. பழத்தை இரண்டாக நறுக்கி உப்பில் தொட்டு அட்டைமேல் ஒரு தேய்ப்பு; சுருண்டு விழுந்துவிடும். வழியில் சந்தித்த ஆந்திரா சாமிகளுக்கும் நாலைந்து பழம் கொடுத்தோம். ஊர் பேர் கேட்டார்கள். சொன்னோம். அவர்கள் வாயில் புளியங்குடி நுழையவில்லை, எலுமிச்சை நுழைந்துவிட்டது.

பதினொன்றரை மணிக்கு முக்குழி. அங்கே ஒரு தேவி கோயில், சில விரிகள். காற்று அதற்குள் வேறு மாதிரி ஆகியிருந்தது. பெரிய மரங்கள் ஆடும்போது ஒரு முனகல் சத்தம் வரும், அது வந்தது. வனத்துறைக் காவலர் ஒருவர் நனைந்த கோட்டோடு வந்து, "இன்னு போகண்டா சாமி" என்றார். கன்னியாகுமரிக்குத் தெற்கே புயல் உருவாகிவிட்டதாம். பம்பையில் தண்ணீர் ஏறுகிறதாம். அவர் அடுத்த விரிக்குச் சொல்லப் போய்விட்டார்.

எங்கள் சென்னைப் பையனுக்கு மறுநாள் சாயந்திரத்துக்கு ஆன்லைன் க்யூவில் தரிசன நேரம் போட்டிருந்தது. அதைவிட்டால் எத்தனை மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டுமோ தெரியாது. லீவும் முடிகிறது. பாதையை யாரும் கயிறு கட்டி அடைக்கவில்லை. இரண்டு குழு எங்கள் கண்ணெதிரே கிளம்பிப் போனது.

"சாமி, இப்ப கெளம்புனா ரெண்டு மணி நேரத்துல கரிமலை ஏறிரலாம்" என்றான்.

"ஏறிரலாம். எறங்கணும்லா?" என்றார் குருசாமி.

அவன் விடவில்லை. நாற்பத்தோரு நாள் விரதம் இருந்து வந்தது இங்கே உட்காரவா என்று கேட்டான். குருசாமி கோபப்படவில்லை. இருமுடியை இறக்கி, விரியின் நடுவில் ஒரு பலகைமேல் வைத்து, கற்பூரம் காட்டினார். மற்றவர்களும் ஒவ்வொருவராக இறக்கினோம். கடைசியாக அவனும் இறக்கினான். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரத்தில் போய்ப் படுத்துவிட்டான்.

சாயந்திரம் அந்த விரியில் எங்களோடு மொத்தம் இருபத்து மூன்று பேர். எங்கள் ஒன்பது, ஆந்திரா சாமிகள் எட்டு, கன்னியாகுமரி மாவட்டத்துச் சாமிகள் ஆறு. முன்னால் கிளம்பிப் போன இரண்டு குழுவில் ஒன்று நாலு மணிக்குத் திரும்பி வந்து பக்கத்து விரியில் ஒதுங்கியது. ஓடையில் தண்ணீர் இடுப்பளவு போகிறது என்றார்கள். மற்றக் குழு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துக் கரிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு விரியில் அவர்களைப் பார்த்தோம். ஒருவருக்குக் கால் பிசகி வீங்கியிருந்தது. ராத்திரி முழுக்க ஒரு பாறை அடியில் நின்றே கழித்தார்களாம்.

அந்த ராத்திரியை மறக்க முடியாது. காற்று அடிக்க அடிக்கத் தார்ப்பாய் ஊதிக்கொண்டு எழும்பும். ஆளுக்கு ஒரு மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றோம். காட்டுக்குள்ளே எங்கோ மரம் முறிந்து விழும் சத்தம் துப்பாக்கிச் சத்தம் மாதிரி கேட்கும். பிறகு நீளமாக இலை உரசும் ஓசை, கடைசியில் தரையில் ஒரு அதிர்வு. விரிக்காரர் எங்களுக்கு மேலே சாய்ந்திருந்த ஒரு மரத்தை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது விழவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தும் மழை நிற்கவில்லை. விரிக்காரருக்கு வரவேண்டிய சாமான் வரவில்லை. அவரிடம் பயறும் உப்பும் கொஞ்சம் கிழங்கும் இருந்தன. அரிசி முந்தின ராத்திரியோடு சரி. கன்னியாகுமரி சாமிகளின் பின்முடியில் ஆளுக்கொரு பிடி அரிசிதான் இருந்தது. ஆந்திரா சாமிகளிடம் அவலும் வெல்லமும். குருசாமி எங்கள் ஒன்பது பின்முடியையும் அவிழ்க்கச் சொன்னார். ஒன்பது கிலோ அரிசி. விரிக்காரரின் பெரிய குண்டானில் காலையில் கஞ்சி, மத்தியானம் கஞ்சி, ராத்திரிக் கஞ்சி. இருபத்து மூன்று பேரும் விரிக்காரர் குடும்பமும் சாப்பிட்டோம். எலுமிச்சையைப் பிழிந்து உப்புப் போட்டுத் தொட்டுக்கொண்டோம். படி போட்டு அளந்தபோது சிரித்த கடைக்கார சாமிதான் அன்று மூன்று வேளையும் கரண்டி பிடித்தார்.

கன்னியாகுமரி சாமிகளில் ஒருவர் மீன் லாரி டிரைவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். பதினைந்து வருஷமாக ஒரே இரண்டு படகுக்காரர்களுக்கு லோடு ஓட்டுகிறார். அவர்கள் வேதக்காரர்கள். இவர் மாலை போட்டால் அந்த நாற்பத்தோரு நாளும் லாரிக்கு வேறு ஆள் போட்டுக்கொள்வார்களாம். கிளம்பும்போது வழிச்செலவுக்கு நூறு ரூபாய் கையில் வைப்பார்களாம். இரண்டு படகும் புயலுக்கு முன்னாலேயே ஆழ்கடலுக்குப் போய்விட்டன என்பது அவருக்குத் தெரியும். அவர் கடைசியாகப் பார்த்தபோது ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

விரிக்கு மேலே நூறடி தள்ளி ஒரு பாறை. அதில் ஏறி நின்றால் போனில் ஒரு கோடு சிக்னல் வரும். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அவர் அந்தப் பாறைக்கும் விரிக்குமாக நடந்துகொண்டே இருந்தார். நனைந்து வந்து அடுப்பருகே உட்காருவார். துணி காய்வதற்குள் எழுந்து போவார். நாலு மணிக்கு லைன் கிடைத்தது. திரும்பி வந்து யாரிடமும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து குருசாமியிடம் வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு வள்ளமும் வரல்ல சாமி. கரையில எல்லாரும் நின்னுட்டு கெடக்காவ. நான் என்ன செய்யணும்?"

அவர் கேட்டதன் கனம் எங்களுக்குத் தெரியும். இருமுடியைக் கட்டித் தலையில் ஏற்றிய பிறகு பாதி வழியில் திரும்புவதை யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. அவர் குழுவிலேயே, "நாம இங்கேருந்து வேண்டிக்கிடலாம், நீ போய் என்ன செய்யப் போறே" என்று சொல்லியிருக்கிறார்கள். அதிலும் ஒரு நியாயம் இருந்தது. அவர் போய்க் கடலில் இறங்கித் தேட முடியாது.

குருசாமி நிறைய நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பொம்பளைங்க ஒங்களத் தேடுவாங்களா?" என்று கேட்டார்.

"தேடுவாவ. ஆஸ்பத்திரி, கலெக்டர் ஆபீஸுன்னு எங்க போணும்னாலும் நாந்தான் வண்டி எடுக்கணும்."

"அப்பம் போங்க. நெய்ய எங்கிட்டக் குடுத்துருங்க."

சனிக்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. மரத்திலிருந்து சொட்டுவது மட்டும்தான். குருசாமி சரணம் சொல்லி அவர் இருமுடியை அவிழ்த்தார். நெய்த்தேங்காயை எடுத்துத் தன் முன்முடியில் வைத்துக் கட்டினார். "ஒங்க நெய் அபிஷேகத்துக்குப் போயிரும். மாலைய வீட்டுல ஒங்க அம்மா கையால கழட்டுங்க. ஐயப்பன் எங்கயும் போமாட்டான்" என்றார். டிரைவர் அவர் காலில் விழுந்து எழுந்து, வந்த வழியே அழுதாவுக்கு இறங்கினார். காளைகட்டிக்குப் போய்விட்டால் ரோடு உண்டு. ஒற்றையாக அனுப்பக் கூடாது என்று குருசாமி பார்த்தபோது, எங்கள் சென்னைப் பையன் கம்பை எடுத்துக்கொண்டு எழுந்தான். இருமுடியைத் தலையில் வைத்துக்கொண்டே அழுதா மேடு வரை கூடப் போய் விட்டுவிட்டுத் திரும்பி வந்தான். அவனுக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். அந்த நேரத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கரிமலையை ஏழு தட்டு என்பார்கள். ஒவ்வொரு தட்டும் இதுதான் கடைசி என்று தோன்றவைத்து அடுத்ததைக் காட்டும். வழியில் விழுந்து கிடந்த மரங்களுக்கு அடியில் தவழ்ந்தும் மேலே ஏறியும் போனோம். ஆனைச் சாணம் மழையில் கரைந்து கிடந்தது. உச்சியில் கரிமலைநாதரைக் கும்பிட்டு, அங்கே உள்ள கிணற்றுத் தண்ணீரைக் குடித்தோம். அத்தனை உயரத்தில் ஒரு கிணறு.

அங்கிருந்து பார்த்தால் எல்லா மடிப்பிலும் வெள்ளைக் கோடாக ஓடை இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் மேற்கே, பம்பைக்கு. நம் மலையின் அந்தச் சரிவில் பெய்வது அச்சன்கோவில் ஆறாகப் போய்க் கடைசியில் இதே பம்பையில்தான் சேருகிறது. பம்பை–அச்சன்கோவில்–வைப்பாறு இணைப்பு என்று நாம் எத்தனை தேர்தலில் கேட்டிருப்போம்! 634 மில்லியன் கன மீட்டர் தண்ணீரைக் கிழக்கே திருப்பலாம் என்று 1995-ல் அறிக்கை கொடுத்தார்கள். கேரளம் ஒத்துக்கொள்ளவில்லை, அது அப்படியே கிடக்கிறது. வாசுதேவநல்லூருக்கு மேலே உடைந்த செண்பகவல்லி அணையும் சரியாகவில்லை. கடைக்கார சாமி அந்த ஓடைகளைப் பார்த்துக்கொண்டு, "இதுல ஒண்ணே ஒண்ணு நம்ம கொளத்துக்கு வந்தாப் போதும்" என்றார். மூன்று நாள் அந்த மழையில் நனைந்திருந்ததால், வேண்டும் என்று சொல்லக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

இறக்கம்தான் முழங்காலைத் தின்றுவிட்டது. "எறங்கணும்லா" என்று குருசாமி சொன்னதை ஒவ்வொரு அடியிலும் நினைத்துக்கொண்டேன். இருட்டும் நேரத்தில் பம்பை வந்தோம். ஆறு கலங்கி அகலமாக ஓடியது. அன்று திருக்கார்த்திகை. ஊரில் வாசலெல்லாம் விளக்கும், கோயில் முன்னால் சொக்கப்பனையும் இருக்கும் நேரம். நாங்கள் மணல்புறத்தில் தேங்காய்ச் சிரட்டையில் திரி போட்டு ஒன்பது விளக்கு வைத்தோம். பத்தாவதாக ஒன்றைச் சென்னைப் பையன் வைத்தான். யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிறு, பெரிய வரிசையில் நின்று, பதினெட்டாம் படி ஏறி, பத்து தேங்காய் உடைத்து நெய்யபிஷேகம் முடித்தோம்.

ஊருக்கு வந்த பிறகுதான் புயலின் முழுக் கணக்கு தெரிந்தது. பாபநாசத்தில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டர் மழை, மணிமுத்தாறில் 38. கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தன. எச்சரிக்கை வருவதற்கு முன்பே கடலுக்குப் போயிருந்த நூற்றுக்கணக்கான மீனவர்கள், தமிழகம் கேரளம் இரண்டு பக்கத்திலும், திரும்பவே இல்லை. எங்களுக்கு முக்குழியில் "போகண்டா" என்று சொல்ல ஒரு காவலரும், அதைக் கேட்டு இருமுடியை இறக்க ஒரு பெரியவரும் இருந்தார்கள். நடுக்கடலில் இருந்தவர்களிடம் போய் யார் சொல்வது?

அரவணையும் அப்பமும் தபாலில் அனுப்பினோம். முகவரி எழுதியது நான். பத்து நாள் கழித்து டிரைவர் குருசாமிக்குப் போன் செய்தார். ஒரு படகு லட்சத்தீவுப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது, அதிலிருந்தவர்கள் பிழைத்துவிட்டார்கள். இன்னொன்றைப் பற்றித் தகவல் இல்லை. அதற்குப் பிறகும் தகவல் வரவில்லை. அந்த ஒரு வாரம் முழுக்க, காணாமல் போனவர்களின் வீட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக வண்டி ஓட்டினேன் என்றாராம். "நீங்க போகச் சொன்னது நல்லதாப் போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம்.

அடுத்த வருஷம் ஆகஸ்ட் வெள்ளத்தில் பம்பை மணல்புறம் உருத்தெரியாமல் போனது. நாங்கள் விளக்கு வைத்த இடம் எது என்று இப்போது போனால் காட்ட முடியாது. அந்த சீசனில் தனியார் வண்டிகளும் நிலக்கல்லோடு நின்றுவிட்டன.

பெரிய பாதையில் போக நினைக்கிறவர்கள் என்னிடம் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்று கேட்கிறார்கள். நான் சொல்வது இதுதான்: இரண்டு நாள் நடைக்கு நாலு நாள் கையில் வைத்துக்கொண்டு போங்கள். வனத்துறை நில் என்றால் நில்லுங்கள். திரும்பும் டிக்கெட்டைப் பார்த்துக் கரிமலை ஏறாதீர்கள். உப்பும் எலுமிச்சையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குருசாமிக்கு இப்போது கால் முடியவில்லை, மலைக்குப் போவதில்லை. ஆனால் போகிறவர்களுக்கு இருமுடி கட்டிக் கொடுக்கிறார். சென்னைப் பையன் வருஷா வருஷம் லீவு போட்டு வந்து அவரிடம்தான் கட்டிக்கொள்கிறான். போன கார்த்திகையில் நானும் உடன் இருந்தேன். புதிதாக மாலை போட்ட ஒருவர், பின்முடிக்கு ஒரு பிடி அரிசி போதாதா என்று கேட்டார். குருசாமி பதில் சொல்வதற்குள் அந்தப் பையன் படியை எடுத்து அளக்க ஆரம்பித்துவிட்டான்.